சொன்ன தேதியில் வராத கிரில்

காலையில் எழுந்ததும் முதலில் மோட்டார் போடுவேன். பல் விளக்குவேன். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைப்பேன். காப்பி குடித்து, சட்டையை இஸ்திரி போட்டு முடிக்கும்போது மாடித் தொட்டி நிறைந்திருக்கும். முன்பெல்லாம் என் மனைவி தமிழ்வாணி மாடிக்குப் போய்ப் பார்த்து, "நெறஞ்சிருச்சுங்க, நிப்பாட்டுங்க" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பாள். இப்போது அதற்கு ஒரு கருவி மாட்டியிருக்கிறேன். நிறைந்ததும் தானாக நின்றுவிடுகிறது. வியாழக்கிழமை வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை வந்து மாட்டினார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் குறை மட்டுமே சொல்கிறவன் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. ஒழுங்காகச் செய்தவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

எனக்கு வயது முப்பத்தொன்று. பி.காம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்பா கட்டிவிட்டுப் போன வீடு. கீழ்ப்பகுதியில் ஒச்சாயி அக்கா வாடகைக்கு இருக்கிறார்; வாசலிலேயே இட்லிக் கடை. மேலே நான். ஒரு பார்சல் சர்வீஸில் புகார்ப் பிரிவில் வேலை. பார்சல் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் "வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். நாள் முழுவதும் அதுதான். எதற்கு வருந்துகிறீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் வருந்தியதில்லை.

அந்த வேலையில் உட்கார்ந்தால் இந்த ஊரின் பாஷை புரிந்துவிடும். மதுரையில் 'நாளைக்கு' என்பது தேதி கிடையாது, ஒரு மரியாதை. 'வண்டி கிளம்பிருச்சுண்ணே' என்றால் டிரைவர் இன்னும் டீக்கடையில் இருக்கிறார். 'கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு' என்றால் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும். சொன்ன நாளில் நடப்பது அழகர் ஆற்றில் இறங்குவது ஒன்றுதான். மற்ற அத்தனை பேரும் அதைக் காரணம் காட்டி முன்னால் ஒரு மாதமும் பின்னால் ஒரு மாதமும் வேலையைத் தள்ளிப் போடுகிறார்கள்.

கல்லூரியில் நுகர்வோர் மன்றத்துக்கு நான் செயலாளர். அங்கே பிடிபட்ட ஒரு விஷயம் இன்று வரை மாறவில்லை. தேதி சொல்லிப் பொருள் விற்கிறவன் தேதியையும் சேர்த்துத்தான் விற்கிறான். தேதி தவறினால் பாதிப் பொருள் வரவில்லை என்று அர்த்தம். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் போதும். நான் கேட்டேன். தையல் கடை, கேஸ் ஏஜென்சி, மிக்ஸி ரிப்பேர், எல்லாரையும் கேட்டேன். "தம்பி கோர்ட்டுக்குப் போகாம டீ கூட குடிக்காது" என்று ஒச்சாயி அக்கா இட்லி வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வார்.

கட்டில் விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கிரில் விஷயம் உங்களுக்குப் புரியாது.

கல்யாணத்தில் சீர் எதுவும் வேண்டாம் என்று சொன்னவன் நான். கட்டிலை மட்டும் நானே சிம்மக்கல்லில் ஒரு கடையில் சொல்லிச் செய்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் இறக்கிவிடுவதாகத் தேதி போட்டுக் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்தது. மறுவீடு முடிந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் காலி அறையை எட்டிப் பார்த்து, "கட்டில எங்கப்பா காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவள் அப்பா பால்பாண்டி சோழவந்தானிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார். அவள் போன மறுநாள் காலையில் கட்டில் வந்தது.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். வக்கீல் வைக்கவில்லை, நானே வாதாடினேன். நன்றாகத்தான் வாதாடினேன். அப்போது உறுப்பினர் ஒருவர், பின் வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்வாணியைப் பார்த்து, "கட்டில் லேட்டா வந்ததுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்? நீங்க சொல்லுங்க" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "கஷ்டம்னு ஒண்ணும் இல்லங்கய்யா. பாய் இருந்துச்சு. மொட்டை மாடில விரிச்சுப் படுத்தோம். ஆத்துக்காத்து நல்லா வந்துச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கொஞ்சம் யோசித்து, "கட்டில் வந்த பெறகுதான் புழுக்கமா இருக்கு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரின் வக்கீல் சிரித்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மா கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். கேட்ட உறுப்பினர் கேஸ் கட்டால் வாயை மறைத்துக்கொண்டார். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நட்பாக. அதை நான் மறக்கவில்லை.

தீர்ப்பில், தாமதம் நடந்தது உண்மை, ஆனால் அதனால் பாதிப்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். தவறான தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். சட்டப்படி சரியானது. பாதிப்பு இல்லாத தாமதத்துக்கு மதிப்பு கிடையாது. அன்று நான் கற்றுக்கொண்டது அது.

திரும்பும்போது சிம்மக்கல்லில் இறங்கி எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள்.

"கோவமா?"

"இல்லை."

"உள்ளதத்தானங்க சொன்னேன். காத்து வந்துச்சா இல்லையா?"

"வந்தது."

"அப்பறம் என்ன. குடிங்க, ஆறிப்போகுது."

அவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நல்லவள். அதுதான் தொந்தரவு. ஒரு கடைக்காரரிடம் நான் போனில் பேசி, அவர் தப்பை ஒத்துக்கொள்ளும் கட்டத்துக்கு வரும்போது, அடுப்படியிலிருந்து "பரவாயில்லண்ணே, மெதுவா குடுங்க" என்று இவள் குரல் போகும். எதிரில் இருப்பவர் உடனே, "தங்கச்சி சொல்லிருச்சுல்ல, அப்பறம் என்னண்ணே" என்பார். அவள் அண்ணன் ராஜபாண்டி வந்தால் இதை வைத்தே பேசுவான். "மாப்ள, எங்க வீட்டுப் பொண்ண கொண்டுவந்து விட்டப்ப முகூர்த்தம் அஞ்சு நிமிசம் லேட்டு. அதுக்கு நீங்க கேஸ் போடல பாருங்க, அம்புட்டு நல்ல மனசு ஒங்களுக்கு." அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். இரண்டு வருட வாழ்க்கையில் அவள் ஒருநாளும் என் பக்கம் நின்றதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இனி கிரில்.

போன பங்குனியில் மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தோம். படி வழியே ஏறவில்லை. கயிறு கட்டித் தூக்குவதற்காக ஒரு பக்கக் கைப்பிடிச் சுவரை இடித்தார்கள். தொட்டி ஏறிவிட்டது. இடித்த இடத்தில் மறுபடி செங்கல் வைப்பதற்குப் பதில் இரும்புக் கிரில் போடலாம், காற்று வரும் என்று தமிழ்வாணிதான் சொன்னாள். சிம்மக்கல்லில், தரைப்பாலத்துக்கு இறங்குகிற வழியில், அழகுபாண்டி என்பவரின் பட்டறையில் ஆர்டர் கொடுத்தேன்.

"எப்ப மாட்டித் தருவீங்க?"

"இன்னைக்கே மாட்டிரலாம்ணே. பெயிண்ட் காயணும்ல."

"தேதி சொல்லுங்க."

"திருவிழா முடிஞ்ச மறு திங்கக்கெழம. ஆத்தா மேல சத்தியம்."

"ஆத்தா வேண்டாம். பில்லில் எழுதுங்க."

எழுதினார். சிரித்துக்கொண்டே எழுதினார். "கட்டில் கேஸ் போட்ட அண்ணன் நீங்கதானா" என்று வேறு கேட்டார். சிம்மக்கல் முழுக்கப் பரவியிருந்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. கிரில் வரவில்லை. கூப்பிட்டேன். கரண்ட் இல்லை என்றார். மறுபடி கூப்பிட்டேன். வெல்டருக்குக் காய்ச்சல். அதற்கு மறுபடி, பெயிண்ட் அடிக்கிறவர் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார். தமிழ்வாணி ஒரு பழைய சுங்குடிச் சேலையை எடுத்து, தொட்டிக் குழாய்க்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினாள். யாராவது மறதியாக அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று. அங்கேயிருந்து கீழே விழுந்தால் நேராகத் துவைக்கிற கல். ஒச்சாயி அக்காவின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவ்வளவு கவனம். பிறகு இந்த விஷயம் முக்கியமாகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

தேதி தவறிய பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் நம்ப வேண்டும், ஒரு நிம்மதிதான் வந்தது. கட்டில் மாதிரி கிடையாது இது. கட்டிலுக்குப் பதில் பாய் இருக்கிறது. சுவருக்குப் பதில் என்ன இருக்கிறது. மாடியில் நின்று அந்தத் திறந்த பக்கத்தைப் பார்க்கும்போது, இந்தத் தாமதத்தில் ஒரு கனம் இருக்கிறது என்று தோன்றியது. முதல்முறையாக ஒரு கடை எனக்கு முக்கியமான ஒன்றைத் தாமதமாக்கியிருக்கிறது. பாதிப்பு மட்டும்தான் பாக்கி.

நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நினைவூட்டிக்கொண்டே இருப்பது வாங்குகிறவனின் கடமை ஆகாது.

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் முடிந்து அந்த வழியே போனேன். பட்டறை மூடியிருந்தது. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். நடுவில் பட்டுப் பாவாடையும் கூலிங் கிளாஸுமாக ஒரு சின்னப் பெண், சுற்றிலும் மாமன்மார் படங்கள். அழகுபாண்டியின் மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. பட்டறை செவ்வாய்க்கிழமைதான் திறக்கும் என்று கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது. காதுகுத்து சட்டத்தில் தவிர்க்க முடியாத காரணம் ஆகாது. வெள்ளம், பூகம்பம் ஆகும்.

கதவுச் சந்து வழியே பார்த்தேன். எங்கள் கிரில் முடிந்து, செங்காவி அடித்து, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. நல்ல வேலை. நடுவில் ஒரு மயில் வைத்திருந்தார். நான் மயில் கேட்கவில்லை. தமிழ்வாணி கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் கிரில் வந்துவிடும். வந்துவிட்டால் அதுவரை இருந்த தாமதம் வெறும் தாமதமாகப் போய்விடும். மறுபடி யாராவது, கிரில் இல்லாமல் என்னம்மா கஷ்டம் என்று கேட்பார்கள். காற்று நல்லா வந்துச்சு என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்கு என்று சொல்லிச் சோழவந்தான் போய்விட்டு, சாயந்தரம் வந்தாள். கையில் ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு மஞ்சள் தாம்பூலப் பையும் இருந்தன. யார் வீட்டு விசேஷம் என்று நான் கேட்கவில்லை. அவள் ஊர்ப் பக்கம் வாரத்துக்கு ஒரு விசேஷம். கேட்டிருக்க வேண்டும். இந்த விவகாரத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

அன்று பொழுது சாய்வதற்குள் மாடிக்குப் போய் அந்தச் சேலையை அவிழ்த்துத் துவைக்கப் போட்டேன். அழுக்காக இருந்தது.

திங்கட்கிழமை காலை, தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்கப் போனவள் கீழே விழுந்தாள். ஒச்சாயி அக்கா இட்லித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. தலை சுற்றுகிறது என்று சொன்னாள், அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று எல்லாரிடமும் சொன்னேன். அவள் அப்பாவிடம், ராஜபாண்டியிடம், விசாரிக்க வந்த ஏட்டய்யாவிடம். ஏட்டய்யா சுவர் இடிந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எந்தப் பய கிரில் போடுறேன்னு ஏமாத்துனான்" என்றார். பில்லை எடுத்துக் காட்டினேன்.

அன்று மத்தியானமே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அடுத்து இந்த ஊரில் தாமதம் ஆகாதது அது ஒன்றுதான். கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன், அழகுபாண்டி கிரில் ஒர்க்ஸ் பணியாளர்கள்' என்று போட்டிருந்தது. பிழையே இல்லை. இதே வேகத்தைக் கிரிலில் காட்டியிருக்கலாம்.

அழகுபாண்டி நேரில் வந்தார். காதுகுத்துக்கு எடுத்த புது வேட்டி. மாலையைப் போட்டுவிட்டு அப்படியே என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாண்ணே கொன்னுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

நான் மறுக்கவில்லை.

காரியம் முடிந்து, ஆள் வைக்காமல் தானே கிரிலைத் தூக்கி வந்து மாட்டினார். அழுதுகொண்டே வெல்டு வைத்தார். அதற்கு முன்னால் அந்தத் திறந்த இடத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. யானை முட்டினாலும் தாங்கும். ஒரு ஆளைப் பிடித்துத் தள்ளினால் நிச்சயம் தாங்கும்.

பதினாறாம் நாளுக்கு அடுத்த வாரம் மனு போட்டேன். எதிர்மனுதாரர் அழகுபாண்டி. சேவைக் குறைபாடு, அதனால் உயிரிழப்பு. எழுதும்போது கை தயங்கவே இல்லை. பாதிப்பு என்ற தலைப்பின் கீழ் இந்த முறை எழுதுவதற்கு இருந்தது.

அழகுபாண்டி எதிர்த்து வாதாடவே தயாராக இல்லை. முதல் வாய்தாவிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். பட்டறையை விற்றுவிடப் போவதாக யாரோ சொன்னார்கள். ராத்திரியில் தூங்குவதில்லை என்று அவர் மனைவி ஒச்சாயி அக்காவிடம் வந்து அழுதிருக்கிறார். "என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்கய்யா, நான் மாட்டியிருந்தா தங்கச்சி இருந்திருக்கும்" என்றார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் இலவச சட்ட உதவியில் அவருக்கு ஒரு வக்கீல் கொடுத்திருந்தார்கள். ராஜஸ்ரீ என்று சின்னப் பெண். "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க அண்ணா" என்று அவரை உட்கார வைத்துவிட்டார்.

நேற்று அவரை எழுப்பிக் கேள்வி கேட்டார்.

"காதுகுத்துக்கு யார் யாரைக் கூப்பிட்டீங்க?"

"வேலை குடுத்த எல்லாரையும்தாம்மா. இந்த அண்ணனுக்கும் பத்திரிகை கொண்டுபோனேன். அண்ணன் ஆபீசுக்குப் போயிருந்துச்சு. தங்கச்சிதான் வாங்குச்சு."

"அவங்க விசேஷத்துக்கு வந்தாங்களா?"

"வந்துச்சு. கோயிலு தங்கச்சி ஊருக்குப் பக்கத்துலதான். பிள்ளைக்கு வளையல் போட்டுச்சு. கறிச்சோறு சாப்பிட்டுட்டு, மாட்டேன் மாட்டேன்னுச்சு, நாங்கதான் தாம்பூலப் பைய கையில குடுத்துவிட்டோம்."

"கிரிலைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அழகுபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மன்னிச்சிரும்மா, லேட்டாயிருச்சு, செவ்வாக்கெழம வந்து மாட்டிர்றேன்னேன். தங்கச்சி சிரிச்சுச்சு. 'அவசரமே இல்லண்ணே. வந்த சொந்தபந்தத்த அனுப்பிட்டு மெதுவா வாங்க. நாங்க அந்தப் பக்கம் போறதே இல்ல. எங்க வீட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க'ன்னு சொல்லுச்சு."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அதே சிரிப்புக் கேட்டது.

ராஜஸ்ரீ இரண்டே வாதம் வைத்தார். ஒன்று, ஆர்டர் கொடுத்த வீட்டுப் பெண்ணே கூடுதல் அவகாசம் கொடுத்துவிட்டதால் தாமதம் என்பதே இல்லை. மனு என் பெயரில், பில் என் பெயரில், அவள் யார் அவகாசம் கொடுக்க என்று கேட்டேன். ஆணையத் தலைவர் என்னைப் பார்த்தார். இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இரண்டாவது வாதம்தான் என்னை இங்கே வர வைத்தது. அந்தப் பக்கம் சுவர் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், சேலை கட்டி வைத்திருந்தாள், அந்தப் பக்கம் போவதே இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். தெரிந்தும் போய் விழுந்தால் அது இறந்தவரின் கவனக்குறைவு. கடைக்காரர் பொறுப்பாக மாட்டார். வாதம் சுத்தமாக இருந்தது. நான் அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. இதே நிலையில் தீர்ப்பு வந்தால் அழகுபாண்டி பட்டறையைத் திறந்து, அடுத்த ஆளுக்குத் திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுப்பார்.

கவனக்குறைவு என்பது பொய் சார். அவள் கவனமாகத்தான் இருந்தாள். அதற்குச் சாட்சி நான் ஒருவன்தான். எப்படி விழுந்தாள் என்று நான் சொன்னால் ஒழிய, அது அவள் தப்பாகவே போய்ச் சேரும். கட்டியவளின் பெயரில் ஒரு பழி நிற்க நான் விடமாட்டேன். எனவே சொல்கிறேன்: அவள் விழவில்லை. நான் தள்ளினேன்.

பேனாவை ஏன் வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கிரில் இருந்திருந்தால் நான் தள்ளியிருக்க முடியாது. சொன்ன தேதியில் அது வந்திருந்தால் தமிழ்வாணி இன்று மாடியில் நின்று, நெறஞ்சிருச்சுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பாள். என் கை ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் கை எப்போதும் இருந்தது, கிரில்தான் இல்லை. இதில் பாதிக்கப்பட்டவன் நான். இந்த வயதில் தனியாகக் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

போலீஸிடம் சொல்வது செல்லாது, மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். தெரியும். அவரிடமும் இதையே சொல்கிறேன், ஒரு வார்த்தை மாறாது. அவர் சொன்ன நேரத்துக்கு வருவாரா? எதற்குக் கேட்கிறேன் என்றால், இதன் நகல் ஒன்று எனக்கு வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அன்று நான் நேரில் போக முடியாது என்று நீங்கள் சொல்வதால், தபாலில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். பார்சல் சர்வீஸ் வேண்டாம்.

கவனக்குறைவு இல்லை என்பதை நிரூபிக்க அந்தக் காலையை அப்படியே சொல்லிவிடுகிறேன். மோட்டார் போட்டேன். பல் விளக்கினேன். பாலை அடுப்பில் வைத்தேன். அவள் மாடிக்குப் போனாள். வழக்கமாக நான் போவதில்லை, அன்று பின்னாலேயே போனேன். அவள் தொட்டியின் இந்தப் பக்கம் நின்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை இல்லாததை அப்போதே கவனித்துவிட்டாள். சுற்றும் முற்றும் தேடினாள். அவளாக அந்த ஓரத்துக்குப் போகவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான்தான் போய் அங்கே நின்றேன். விளிம்பில், கீழே பார்த்தபடி. மூடியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். தலை சுற்றுகிறது என்று அவள் சொல்லவே இல்லை, அது நான் சொன்னது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, எனக்கும் ஓரத்துக்கும் நடுவில் தான் வந்து நின்றுகொண்டு, மூச்சு வாங்க அவள் சொன்னது இதுதான்:

"அங்கன நிக்காதீங்க, சுவரு இல்ல. இங்கிட்டு வாங்க."